"இந்தப் படம் வேண்டாம்!" என்று சொன்ன டெலிவிஷன் நிலையம்

சபைக்குச் சொந்தமான கோபுரம். ஊர் முழுவதும் பார்க்கும் பெட்டி

நெல்லைச் சீமையில் கிறிஸ்தவ சபைகள் தொடாத காரியம் குறைவு. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் நடத்துகின்றன. கண் தெரியாதவர்களுக்குப் பள்ளி உண்டு. காது கேளாதவர்களுக்குப் பள்ளி உண்டு. 19-ம் நூற்றாண்டிலேயே அச்சுக்கூடம் வைத்துப் புத்தகமும் பத்திரிகையும் அச்சிட்டார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் இல்லை. உயரமான கோபுரம் கட்டி, ஆகாயத்தில் அலைகளை அனுப்பி, ஊர் முழுவதற்கும் படம் காட்டும் டெலிவிஷன் நிலையம்!

அமெரிக்காவில் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் கோடீசுவரர் அல்ல. சினிமாக் கம்பெனி அல்ல. சர்க்காரும் அல்ல. ஒரு கிறிஸ்தவ சபை!

அந்த நிலையத்தில் பாட்டும் பிரசங்கமும் மட்டுமே வரும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. செய்தி வருகிறது. பந்தாட்டம் வருகிறது. துப்பறியும் நாடகம் வருகிறது. சிரிப்பு நாடகம் வருகிறது. நடுநடுவே சோப்பு விளம்பரமும் கார் விளம்பரமும் வருகின்றன.

இவற்றில் பெரும்பகுதியைத் தயாரிப்பது சபை அல்ல. வேறொரு பெரிய கம்பெனி. அப்படியானால், சபைக்குப் பிடிக்காத படம் வந்தால் என்ன செய்வார்கள்? காட்டுவார்களா? மறைப்பார்களா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

ஆறும் மடையும்

முதலில், அமெரிக்காவில் டெலிவிஷன் நடக்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே சில பெரிய கம்பெனிகள் நாடு முழுவதற்கும் நிகழ்ச்சிகளை அனுப்புகின்றன. என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. ஆகிய மூன்றும் பழைய கம்பெனிகள். பிறகு பாக்ஸ் கம்பெனியும் சேர்ந்தது. இவற்றுக்கு "நெட்வொர்க்" என்று பெயர்.

ஆனால் எல்லா ஊர்களிலும் இந்தக் கம்பெனிகளுக்குச் சொந்தக் கோபுரம் கிடையாது. சில பெரிய நகரங்களில் மட்டுமே உண்டு. மற்ற ஊர்களில், அந்தந்த ஊர் நிலையத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. கம்பெனி நிகழ்ச்சியைக் கொடுக்கும். உள்ளூர் நிலையம் அதை ஒளிபரப்பும்.

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மழை பெய்வது பொதிகை மலையில். தண்ணீர் வருவது ஆற்றில். அணைக்கட்டில் தடுத்து, கன்னடியன் கால்வாய் போன்ற கால்வாய்களில் திருப்பி விடுகிறார்கள். தண்ணீர் குளத்துக்கு வருகிறது. குளத்து மடையைத் திறந்தால் வயலுக்குப் பாய்கிறது.

தண்ணீரைக் கொடுத்தது ஆறு. ஆனால் மடையைத் திறப்பதும் அடைப்பதும் ஊரார் கையில்.

நெட்வொர்க்தான் ஆறு. உள்ளூர் நிலையம்தான் மடை.

பணக் கணக்கும் உண்டு. முன்பெல்லாம், தன் நிகழ்ச்சியை ஒளிபரப்புவதற்காக நெட்வொர்க் உள்ளூர் நிலையத்துக்குப் பணம் கொடுத்தது. இப்பொழுது தலைகீழாக மாறிவிட்டது. நிலையங்கள்தான் நெட்வொர்க்குக்குப் பணம் கொடுக்கின்றன. நிலையங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? விளம்பரம் கொடுப்பவர்களிடமிருந்தும், கேபிள் கம்பெனிகளிடமிருந்தும் வருகிறது.

ஆக, நெட்வொர்க்கைப் பகைத்துக்கொள்வது எந்த நிலையத்துக்கும் லேசான காரியம் அல்ல.

உப்பு ஏரிக்கரையில்...

சபைக்குச் சொந்தமான அந்த நிலையத்தின் பெயர் கே.எஸ்.எல். இருக்கும் இடம் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டி. "உப்பு ஏரி நகரம்" என்று அதற்கு அர்த்தம்.

அந்த நகரத்தை உண்டாக்கியவர்கள் மார்மன் சபையார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அந்தச் சபையின் முழுப்பெயர். 1830-ம் ஆண்டில் தொடங்கிய சபை அது. போகும் இடமெல்லாம் அவர்களுக்கு எதிர்ப்பு. கடைசியில் பிரிகம் யங் என்பவர் தலைமையில் மேற்கே நடந்து, 1847-ல் அந்த வறண்ட பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். மலை ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி, பயிர் செய்து பிழைத்தார்கள்.

ஊர் நிமிர்ந்த மூன்றாவது ஆண்டிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். "டெசரட் நியூஸ்" என்பது அதன் பெயர். ஆண்டு 1850.

பத்திரிகைக்குப் பிறகு ரேடியோ. 1922 மே 6-ந் தேதி, பத்திரிகை அலுவலகத்தின் மொட்டை மாடியில், ஒரு சின்னத் தகரக் கொட்டகையில் ரேடியோ நிலையம் பிறந்தது. சபைத் தலைவர் ஹீபர் கிராண்ட் அன்று பேசினார். இந்த நிலையந்தான் 1925-ல் கே.எஸ்.எல். என்று பெயர் பெற்றது.

ஏணி மேல் அறிவிப்பாளர்!

1929 ஜூலை 15-ந் தேதி. மார்மன் சபையின் பாடகர் குழு என்.பி.சி. ரேடியோ மூலம் அமெரிக்கா முழுவதற்கும் பாடியது.

நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு மைக்! அதைப் பெரிய பிரார்த்தனை மண்டபத்துக்குத் தூக்கிச் சென்று, கூரையிலிருந்து தொங்க விட்டார்கள். பாட்டும் கேட்க வேண்டும். அறிவிப்பாளர் குரலும் கேட்க வேண்டும். என்ன செய்வது?

அறிவிப்பாளராக வந்தவர் ஒரு வாலிபர். உயரமான ஏணியில் ஏறி நின்றார். பாட்டு நடந்த நேரம் முழுவதும் ஏணியிலேயே இருந்து அறிவிப்புச் செய்தார்!

அந்த நிகழ்ச்சி இன்னும் நிற்கவில்லை. வாரந்தோறும் நடந்து வருகிறது. 1932-ல் அது என்.பி.சி.யை விட்டு சி.பி.எஸ்.ஸுக்கு மாறியது. ரிச்சர்ட் எவான்ஸ் என்பவர் 1930-ல் அறிவிப்பாளராகச் சேர்ந்தார். 1971-ல் காலமாகும்வரை, 41 ஆண்டுகள், அந்த வேலையைச் செய்தார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சபை நெட்வொர்க்கிடமிருந்து நிகழ்ச்சியை வாங்க மட்டும் இல்லை. கொடுக்கவும் செய்தது. ஒரு பள்ளத்தாக்கின் பாட்டு, நாடு முழுவதும் கேட்டது. நெட்வொர்க் என்ற ஆறு இரண்டு பக்கமும் ஓடியது!

உழவர் மகனின் மலை

1949 ஜூன் 1-ந் தேதி கே.எஸ்.எல். டெலிவிஷன் தொடங்கியது. சி.பி.எஸ். நெட்வொர்க்குடன் ஒப்பந்தம்.

யூட்டா மலைப்பிரதேசம். டெலிவிஷன் அலை நேர்கோட்டில் போகும். மலை குறுக்கே வந்தால் தடைப்படும். ஆகவே 1952-ல், நகரத்துக்கு மேற்கே சுமார் 9,000 அடி உயரமுள்ள ஒரு சிகரத்தில் ஒளிபரப்புக் கருவியைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்தச் சிகரத்துக்கு இன்று பார்ன்ஸ்வொர்த் சிகரம் என்று பெயர். யார் இந்த பார்ன்ஸ்வொர்த்?

மின்னணு டெலிவிஷனைக் கண்டுபிடித்தவர்! பைலோ பார்ன்ஸ்வொர்த் 1906-ல் யூட்டாவில் ஒரு மார்மன் குடும்பத்தில் பிறந்தார். விவசாயியின் மகன். 14 வயதில் ஏர் உழுதுகொண்டிருந்தபோது, வயலில் வரிசை வரிசையாக விழுந்த சால்களைப் பார்த்தார். "ஒரு படத்தையும் இப்படி வரி வரியாகப் பிரித்து அனுப்பினால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். 21-வது வயதில், 1927 செப்டம்பர் 7-ந் தேதி, சான் பிரான்சிஸ்கோ நகரில் அதைச் செய்து காட்டினார். முதலில் அவர் அனுப்பிய படம் ஒரே ஒரு கோடு!

மலை உச்சியில் கோபுரம் வைத்தும், தூரத்துப் பள்ளத்தாக்குகளுக்குப் படம் எட்டவில்லை. அங்கங்கே குன்றுகளின் மேல் சிறு கருவிகள் வைத்து, அலையை வாங்கி மறுபடி அனுப்பினார்கள்.

படத்துக்காக ஏங்கும் கஷ்டம் நெல்லைக்காரர்களுக்கும் தெரியும். சென்னையில் டெலிவிஷன் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15-ல். அந்தப் படம் நெல்லைக்கு எட்டாது. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியது. கடல் தாண்டி வந்த அந்தப் படத்துக்காக, நெல்லை, தூத்துக்குடி வட்டாரங்களில் வீட்டு மாடிகளில் நீண்ட கம்பம் நட்டு ஆன்டெனா கட்டினார்கள். காற்று அடித்தால் ஒருவர் மாடிக்கு ஏறிக் கம்பத்தைத் திருப்புவார். இன்னொருவர் கீழே நின்று, "தெரியுது, தெரியுது! போச்சு!" என்று கத்துவார்.

46 ஆண்டு உறவு முறிந்தது

கே.எஸ்.எல். நிலையத்துக்கும் சி.பி.எஸ். நெட்வொர்க்குக்கும் 46 ஆண்டு உறவு. 1995 செப்டம்பரில் அது முறிந்தது.

சண்டையா? இல்லை. கே.எஸ்.எல். தவறு செய்ததா? அதுவும் இல்லை.

2,000 மைலுக்கு அப்பால் உள்ள பிலடெல்பியா நகரத்து நிலையம் ஒன்று என்.பி.சி.க்குத் தேவைப்பட்டது. அதற்குப் பதிலாக, டென்வர் நகரத்திலும் சால்ட் லேக் சிட்டியிலும் தன் கையில் இருந்த நிலையங்களைச் சி.பி.எஸ். தரப்புக்கு விட்டுக்கொடுத்தது. சால்ட் லேக் சிட்டியில் சி.பி.எஸ்.ஸுக்குச் சொந்த நிலையமே கிடைத்துவிட்டது. பிறகு கே.எஸ்.எல். எதற்கு?

நெட்வொர்க்கை இழந்த கே.எஸ்.எல்., வெளியே வந்த என்.பி.சி.யுடன் கைகோத்தது. எங்கோ நடந்த பேரத்தில், ஒரு சபையின் நிலையத்துக்குப் புதிய கூட்டாளி வந்தார். வீட்டில் பெட்டி பார்த்தவர்களுக்கு, நேற்று இரண்டாம் எண்ணில் வந்த நாடகம் இன்று ஐந்தாம் எண்ணில் வந்தது. அவ்வளவுதான். ஆனால் நிலையத்தாருக்குத் தலைவலி அப்பொழுதுதான் தொடங்கியது.

"எங்களுக்கு வேண்டாம்"

என்.பி.சி.க்குச் சனிக்கிழமை இரவில் ஒரு கேலி நிகழ்ச்சி உண்டு. அமெரிக்கா முழுவதும் பிரசித்தமானது. கே.எஸ்.எல். அதை ஏற்கவில்லை. அந்த நேரத்தில் உள்ளூர் விளையாட்டுச் செய்தியைப் போட்டது. பல ஆண்டுகள் அந்தக் கேலி நிகழ்ச்சி அதே ஊரில் வேறொரு நிலையத்தில்தான் வந்தது.

2011-ல் "பிளேபாய் கிளப்" என்ற நாடகம் வந்தது. பெண்களின் நிர்வாணப் படங்களைப் போட்டுப் பெயர் வாங்கிய ஒரு பத்திரிகையின் கேளிக்கை விடுதியைப் பற்றிய கதை. கே.எஸ்.எல். "காட்ட மாட்டோம்" என்றது. மூன்று வாரம் ஓடியதும், பார்ப்பவர் குறைந்து, என்.பி.சி.யே நாடகத்தை நிறுத்திவிட்டது!

2013-ல் மனித மாமிசம் தின்னும் கொலைகாரனைப் பற்றிய தொடர் ஒன்று. சில வாரம் காட்டிய பிறகு, கோரம் அதிகம் என்று கே.எஸ்.எல். அதை எடுத்துவிட்டது.

2012-ல் நடந்தது வேறு விதம். ஒருவரோடு ஒருவர் வாழும் இரண்டு ஆண்கள், வாடகைத் தாய் மூலம் குழந்தை பெற விரும்புவதைப் பற்றிய சிரிப்பு நாடகம் அது. கே.எஸ்.எல். அதையும் மறுத்தது. அப்பொழுது பலர் எதிர்த்துப் பேசினார்கள். "இப்படிப்பட்ட குடும்பங்களும் உங்கள் ஊரில் இருக்கின்றனவே! அவர்களைத் திரையிலிருந்து மறைப்பது என்ன நியாயம்?" என்று கேட்டார்கள்.

நெட்வொர்க் கொடுப்பதை மறுக்க நிலையத்துக்கு உரிமை உண்டா? உண்டு! 1941-ல், ரேடியோ காலத்திலேயே, அமெரிக்கத் தகவல் தொடர்புக் கமிஷன் ஒரு விதி செய்தது. ஒரு நிகழ்ச்சி தன் ஊருக்குப் பொருந்தாது என்றோ, பொதுநலனுக்கு விரோதம் என்றோ நிலையம் நியாயமாகக் கருதினால், மறுக்கலாம். அந்த உரிமையைப் பறிக்கும் ஒப்பந்தம் செல்லாது. இந்த விதி டெலிவிஷனுக்கும் உண்டு.

ஆற்றுக்காரன் எவ்வளவு பெரியவனானாலும், மடையை உடைக்க முடியாது!

விற்றவர்கள் மூவர்

கே.எஸ்.எல். ஒன்றுதான் இப்படிப்பட்ட நிலையமா? இல்லை. கத்தோலிக்கர்களும் நடத்தினார்கள்.

கிரீன் பே என்ற ஊரில் நார்பர்ட்டைன் துறவிகளுக்கு ஒரு நிலையம் இருந்தது. 1953 மார்ச் 17-ல் தொடங்கியது. வறுமை விரதம் பூண்ட துறவிகள் சி.பி.எஸ். நிகழ்ச்சிகளை ஊருக்குக் காட்டினார்கள்! மூளை வாதத்தால் கை கால் முடங்கிய குழந்தைகளுக்காக, 1954-ல் இடைவிடாமல் நிகழ்ச்சி நடத்தி நன்கொடை திரட்டத் தொடங்கினார்கள்.

நாட்டர்டாம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1955-ல் ஒரு நிலையம் தொடங்கியது. அது என்.பி.சி. கூட்டாளி. நியூ ஆர்லியன்ஸ் நகரில், இயேசு சபைப் பாதிரியார்களின் லயோலா பல்கலைக்கழகம் 1957-ல் தொடங்கியது. அது சி.பி.எஸ். கூட்டாளி.

மூன்றும் இன்று கைமாறிவிட்டன. துறவிகள் 1970-களின் நடுவில் விற்றார்கள். லயோலா 1989-ல், நிலையத்து ஊழியர்கள் சேர்ந்து அமைத்த கம்பெனிக்கு விற்றது. நாட்டர்டாம் 2006-ல் 8½ கோடி டாலருக்கு விற்றது.

நிலையம் நடத்துவது சின்னச் செலவு அல்ல. நூறு நிலையம் வைத்திருக்கும் கம்பெனியோடு, ஒரே நிலையம் வைத்திருப்பவர் போட்டியிட வேண்டும். மார்மன் சபையே 1964-ல் வாங்கிய சியாட்டில் நகர டெலிவிஷன் நிலையத்தை 1995-ல் விற்றுவிட்டது. சொந்த ஊர் நிலையத்தை மட்டும் விடவில்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கும் சபை மாநாட்டை அதில்தான் ஊரார் பார்க்கிறார்கள்.

மடையை அடைத்த பாவம்

மறுக்கும் உரிமை நல்லதுதானே என்று தோன்றும். இனி வரும் சம்பவத்தையும் கேளுங்கள்.

மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகரம் ஜாக்சன். அந்த வட்டாரத்து மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கறுப்பின மக்கள். அங்கே ஒரு நிலையம். பெயர் டபிள்யூ.எல்.பி.டி. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தம். என்.பி.சி. கூட்டாளி.

1955-ல், கறுப்பின மக்களின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் என்.பி.சி. நிகழ்ச்சியில் பேசினார். நாடு முழுவதும் அவர் முகம் தெரிந்தது. ஜாக்சனில் தெரியவில்லை! "மன்னிக்கவும், கேபிள் கோளாறு" என்ற அட்டைதான் திரையில் தெரிந்தது.

கோளாறு கேபிளில் இல்லை, மனதில்! கறுப்பர் ஒருவர் உரிமை பற்றிப் பேசுவதை ஊரார் பார்க்கக் கூடாது என்று, மடையை அடைத்துவிட்டார்கள்.

இதை எதிர்த்து வழக்காடியவர்கள் யார் தெரியுமா? அதுவும் ஒரு கிறிஸ்தவ சபைதான்! ஐக்கிய கிறிஸ்து சபையைச் சேர்ந்த எவரெட் பார்க்கர் என்ற போதகர் முன்னின்றார். 1964 மார்ச்சில் ஜாக்சன்வாசிகள் சிலர், ஒரு வாரம் முழுவதும் டெலிவிஷன் முன் உட்கார்ந்து, என்ன காட்டினார்கள், எதை மறைத்தார்கள் என்று குறிப்பெடுத்தார்கள். அவர்கள் உயிருக்கு ஆபத்து வரும் என்று, பெயர்களை ரகசியமாக வைத்தார்கள்.

"புகார் செய்ய நீங்கள் யார்?" என்று கமிஷன் கேட்டது. அதுவரை போட்டி நிலையக்காரர்கள் போன்றவர்கள் மட்டுமே வழக்காட முடியும். பார்ப்பவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

1966-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பார்ப்பவர்களுக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு! 1969-ல் அந்த நிலையத்தின் லைசென்சு செல்லாது என்று கோர்ட்டு கூறியது. நிலையம் புதிய நிர்வாகத்தின் கைக்குப் போனது. 1972-ல் கறுப்பர் ஒருவர் அதன் மானேஜர் ஆனார்.

திரையில் மறைக்கப்பட்ட தர்குட் மார்ஷல் என்ன ஆனார்? 1967-லேயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஆகிவிட்டார்!

நம் நாட்டில் எப்படி?

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஏன் இப்படி ஒரு நிலையம் வரவில்லை? பணம் இல்லாததால் அல்ல. சட்டம் வேறு.

நம் நாட்டில் ஆகாய அலை நீண்ட காலம் சர்க்கார் கையில் மட்டுமே இருந்தது. நெல்லை வானொலி 1963 டிசம்பர் 1-ல் தொடங்கியது. அதுவும் சர்க்கார் நிலையம்தான். கோபுரம் வைத்து ஒளிபரப்பும் டெலிவிஷன் தூர்தர்ஷனுக்கு மட்டுமே உரியது.

1993-ல் கல்கத்தாவில் நடந்த கிரிக்கெட் பந்தயத்தை யார் ஒளிபரப்புவது என்று தகராறு வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1995 பிப்ரவரி 9-ந் தேதி தீர்ப்பு. ஆகாய அலை பொதுமக்களின் சொத்து. அதைப் பொதுநலனுக்காகவே பயன்படுத்த வேண்டும் என்று கோர்ட்டு கூறியது.

பிறகு தனியார் எப்.எம். ரேடியோ வந்தது. அதற்கான 2011-ம் ஆண்டு விதிகளில், மத அமைப்புகளுக்கு லைசென்சு கிடையாது என்று எழுதப்பட்டது. அரசியல் கட்சிகளுக்கும் கிடையாது. டெலிவிஷனிலும் மத அமைப்புகளை அனுமதிக்க வேண்டாம் என்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2008-லும் 2012-லும் சிபாரிசு செய்தது.

அப்படியானால் கேபிளில் பக்திப் பாட்டும் பிரசங்கமும் வருகின்றனவே? அவை செயற்கைக்கோள் வழியாக வரும் சேனல்கள். சர்க்கார் அனுமதி பெற்ற கம்பெனிகள் பெயரில் நடக்கின்றன. எல்லா மதத்தாருக்கும் அப்படிப்பட்ட சேனல்கள் இருக்கின்றன. ஆனால் அவை பக்தர்கள் தேடிப் போய்ப் பார்ப்பவை. செய்தியும் பந்தாட்டமும் நாடகமும் கலந்து, ஊர் முழுவதும் பார்க்கும் நிலையம் அல்ல.

இரண்டு வழிகளிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அமெரிக்கா மடையைச் சபையிடமும் கொடுத்தது, கம்பெனியிடமும் கொடுத்தது. கெடுதல் நடந்தபோது கோர்ட்டுக்குப் போனார்கள். நம் நாடு, "மதமும் கட்சியும் மடைப்பக்கம் வர வேண்டாம்" என்கிறது.

மடை யார் கையில் இருந்தாலும் அதை அடைக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கும். ஆபாசத்தைத் தடுக்கவும் அந்தக் கை உதவும். ஒரு சமூகத்தின் முகத்தை மறைக்கவும் அதே கை உதவும். உப்பு ஏரி நகரத்தில் வேண்டாம் என்ற படம், பக்கத்து நிலையத்தில் வந்தது. ஜாக்சனிலோ, என்ன மறைக்கப்பட்டது என்றே பலருக்குத் தெரியவில்லை.

குளத்து மடையைத் திறப்பவரை ஊர் நம்பித்தான் விடுகிறது. ஆனால் வயல் காய்ந்தால், "தண்ணீர் எங்கே போயிற்று?" என்று ஊர் கேட்கிறது. கேட்டதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஜாக்சன் நகரத்துச் சாதாரண ஜனங்கள், ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு கேட்டது அந்தக் கேள்வியைத்தான். ஜெயித்தும் காட்டினார்கள்!